‘மாத்தணும்’ என்று பெயர் வைத்த அறை

அந்த அறையில் நாற்காலி கிடையாது. கட்டியவளே அவள்தான். கட்டில் ஒன்று, சுவரோரம் ஓர் அலமாரி, கம்பி போட்ட ஜன்னல் ஒன்று, அவ்வளவுதான் அவள் வைத்தது. ஆனால் திங்கட்கிழமை காலை, தோளிலிருந்து பையை இறக்குவதற்கு முன்பே கணினித் திரையைத் தட்டி எழுப்பியபோது, கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள் கொத்துக் கொத்தாகக் கூடியிருந்தன. நான்கு கால், ஓர் இருக்கை, வளைந்த முதுகு. யார் பார்த்தாலும் நாற்காலி என்றுதான் சொல்வார்கள்.

அவளுக்கு அந்த அலுவலகத்தில் மேஸ்திரி என்று பெயர். வீடியோ கேம் செய்கிற இடம் அது. மற்றவர்கள் பேயைச் செய்வார்கள், சத்தத்தைச் செய்வார்கள், ரத்தத்தைச் செய்வார்கள். பேய் நடமாட வீடு வேண்டுமே, அதைக் கட்டிக் கொடுப்பது இவள். செங்கல் தூக்காமல், சிமெண்ட் குழைக்காமல் இதுவரை பதினோரு மாளிகை, இரண்டு ஆஸ்பத்திரி, ஒரு சிறைச்சாலை கட்டியிருக்கிறாள். சொந்தமாக ஒரு கழிப்பறைகூடக் கட்டியதில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது கையில் இருந்தது ஒரு பழைய பேய்ப்படம். இருபது வருடத்துக்கு முன்னால் வந்து, பார்த்தவர்களை ஒரு வாரம் விளக்கை அணைக்க விடாமல் செய்த படம். அதில் வருகிறவள் பின்னோக்கி நடப்பாள். முகத்தை ஒரு காட்சியிலும் காட்டவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையால் சுவரைத் தடவித் தடவி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து வருவாள். கூடம், மாடிப்படி, நீண்ட நடை, நடையின் கடைசியில் ஒரு கதவு. அந்தக் கதவில் அவள் முதுகு முட்டும்போது படம் முடிந்துவிடும். கட்டிலில் இருப்பவரை அடைந்ததும் அவள் திரும்புவாள் என்று படத்தில் ஒருவர் சொல்லுவார். திரும்பியதை யாரும் பார்த்ததில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அவளுக்கு ‘ரிவர்ஸ் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயத்தை எட்டு மணி நேரம் பக்கத்தில் வைத்து வேலை செய்கிறவர்களுக்குக் கிண்டல்தான் கவசம்.

அந்த அக்காவின் புத்தியை எழுதுகிறவருக்கு மூளை என்று பெயர். நாற்பது வயது, வழுக்கை, எதற்கும் அசராத ஆள். அவர் அவளுக்குக் கண் வைக்கவில்லை. “பாக்கிற பேய் எல்லா கேம்லயும் இருக்கு. இது தடவித் தடவிக் கத்துக்கிற பேய்” என்று கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கினார். ஒருமுறை தொட்டதை அவள் மறக்க மாட்டாள். வீட்டைக் கற்றுக்கொள்ளட்டும் என்று தனியாக ஒரு கணினியில் அவளை விட்டு, இரவு பகலாக, சனி ஞாயிறு பாராமல் ஓடவிட்டிருந்தார்கள். அவள் கை பட்ட இடமெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிகள் சேர்ந்த படத்துக்குத் தொடுபடம் என்று பெயர். காலையில் வந்ததும் அதைப் பார்ப்பதுதான் மேஸ்திரியின் முதல் வேலை.

“இங்க ஒரு நாற்காலி இருக்கே, நீங்க போட்டீங்களா?” என்று அவள் மூளையைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

அவர் காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். “வீடு கட்டுறது நீங்க, நாற்காலி போட்டது நானா? அவளே வாங்கிட்டு வந்து போட்டிருப்பா. மூணு நாளா நடக்கிறா, கால் வலிச்சிருக்கும் பாவம்.”

“விளையாடாதீங்க. இல்லாத பொருள அவ எப்படித் தொடுவா?”

“புள்ளி பிசகும் மேஸ்திரி. சாயங்காலம் பாக்கறேன்.”

அவர் போய்விட்டார். அவள் உட்காரவில்லை. அந்த வளைந்த முதுகு அவளுக்குத் தெரியும். போன சனிக்கிழமை அவளே கடையில் தேர்ந்தெடுத்து, இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போய், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி அது.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. படத்தில் அந்தக் கடைசிக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டவே இல்லை. சினிமா பார்க்கிறவன் சும்மா இருப்பான். கேம் விளையாடுகிறவன் இருப்பானா? கதவு என்றால் திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. ஆகவே ஓர் அறை வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மறுநாளே மாதிரி காட்ட வேண்டும் என்று நெருக்கியபோது, அவள் வீட்டுக்குப் போய், கைபேசிக் கேமராவைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, அப்பா படுத்திருக்கும் அறையை அளவோடு எடுத்து வந்தாள். அப்பாவை ஒரு ஓரமாகக் கத்தரித்து நீக்கிவிட்டு, அறையை மட்டும் நடையின் கடைசியில் பொருத்தினாள். எல்லா மேஸ்திரிகளும் செய்கிற காரியம்தான். அளவு தெரிந்த இடம் சொந்த வீடுதானே. ‘மாத்தணும்’ என்று அந்த அறைக்குப் பெயர் வைத்தாள், பிறகு மாற்ற வேண்டும் என்று ஞாபகம் இருப்பதற்காக. கேம் செய்கிற உலகத்தில் தற்காலிகத்தைவிட நிரந்தரமான பொருள் கிடையாது. அறை அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் அவள் படம் எடுத்தபோது அந்த அறையில் நாற்காலி இல்லை. அது வந்தது முந்தாநாள்.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அப்பாவுக்காகவே தேடிப் பிடித்த வேலை அது. அம்மா போனபிறகு அவளும் அப்பாவும் மட்டும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அப்பாவின் வலது பக்கம் முழுக்கச் செத்துவிட்டது. தபால்காரராக முப்பத்தெட்டு வருடம் நடந்த கால். வாய் மட்டும் கொஞ்சம் குழறினாலும் அப்படியே இருந்தது. காலையில் வரும் நர்ஸக்கா ஒரு மணிக்குப் போவார், மறுபடி நாலு மணிக்கு வருவார். நடுவில் இவள் ஓடி வந்து ஊட்டிவிட்டு ஓடுவாள். மிச்ச நேரம் அப்பாவுக்குத் துணை இடது கைக்கு எட்டும்படி வைத்த கைபேசி.

அன்று மதியம் கதவைத் திறந்தபோது நர்ஸக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“சுவத்தப் போய் யாராவது துடைப்பாங்களா கண்ணு? துடைச்சா முழுசாத் துடைக்கணும். இப்படி ஒரு கோடு மட்டும் துடைச்சா மிச்சம் அழுக்காத் தெரியுது பாரு.”

அவள் பார்த்தாள். வாசல் கதவிலிருந்து அப்பாவின் அறை வரைக்கும், நடைச்சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பு வெளேரென்று இருந்தது. கறை இல்லை, கீறல் இல்லை. பல வருடத்துத் தூசி மட்டும் அந்த இடத்தில் இல்லை. அவள் தன் கையைப் பின்னால் நீட்டி உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். சரியாக அந்த உயரம். சுவர் அந்தக் கோட்டில் மட்டும் சில்லென்று இருந்தது. கையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கு மிச்சத்தையும் துடைச்சிடறேன்க்கா” என்றாள். வேறு என்னவென்று சொல்வது?

திரும்பி அலுவலகத்துக்குப் போனதும், தொழில் விஷயமாகக் கேட்பது போல அந்தப் படத்தின் டைரக்டருக்குச் செய்தி அனுப்பினாள். கேமுக்கு ஆலோசகர் என்று அவர் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். ‘சார், அந்தக் கடைசி அறைக்குள்ளே என்ன வைக்க நினைத்திருந்தீர்கள்?’ பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு, மூன்றாவதற்கு வாயைத் திறக்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

“என்னப்பா?”

“எம்மேல கோவமா?”

“எனக்கென்ன கோவம்?”

“நேத்து நீ சாப்பாடு குடுத்துட்டுப் போனப்புறம், ஒரு மூணு மணி இருக்கும்... மறுபடி வந்தியே.” அவர் நாக்கு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தது. “அங்க, வாசப்படியில. முதுகக் காட்டிக்கிட்டு நின்ன. எவ்வளவோ கூப்பிட்டேன், திரும்பல.”

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது.

“படுத்தே கிடக்கிறவன வச்சுக்கிட்டு எத்தன நாளைக்குத்தான் முடியும்? எனக்குத் தெரியாதா? கோவம்னா வாய்விட்டுத் திட்டிரும்மா. முதுகக் காட்டி நிக்காத. அதத்தான் தாங்க முடியல.”

நான் இல்லையப்பா என்று சொன்னால், அப்போ யார் என்று கேட்பார். படுத்த படுக்கையாக, ஓடவும் முடியாமல், இரண்டு மணி நேரம் தனியாகக் கிடக்கிறவருக்கு அந்தப் பதிலைச் சொல்லிவிட்டா போவது? “தலைவலிப்பா. அதான் பேசல” என்றாள். அப்பா நம்பினார். நம்பியது முகத்தில் தெரிந்தது, அது அவளை இன்னும் வதைத்தது.

அப்பா பார்த்தது வாசற்படியில் மட்டும். ஆனால் அறைக்குள் நாற்காலி வரை அந்தப் பின்னோக்கி நடப்பவளின் கை வந்திருக்கிறது. அப்பா தூங்கும்போது வந்திருப்பாள். தூக்கத்தில் கட்டிலைச் சுற்றியிருப்பாள்.

அப்பாவை எங்காவது கொண்டுபோய்விடலாமா? லிப்ட் இல்லாத கட்டிடம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே மூன்று ஆள் பிடித்து, நாற்காலியில் கட்டி, படிக்குப் படி இறக்குவார்கள். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. நர்ஸக்காவைக் கூப்பிட்டாள், வேறொரு வீட்டில் இருக்கிறேன், எப்படியும் மூணுக்குள்ள வந்துடறேன் கண்ணு என்றார். மணி இரண்டு. கேமில் இருக்கும் அறையை அழித்துவிட்டால் என்ன? அந்த ஒரு அறையை எடுத்துவிட்டால் அந்தப் பேய்க்கு இங்கே வர வழி ஏது? அலுவலகத்தில் தன் கணினியில்தான் அதைச் செய்ய முடியும். போக ஐந்து நிமிடம், அழிக்க ஒரு நிமிடம், வர ஐந்து நிமிடம்.

“இப்ப வந்துடறேம்ப்பா. தூங்காதீங்க.”

“மத்தியானத்துல தூங்காதன்னு சொல்ற மொத ஆள் நீதான்” என்றார் அப்பா.

அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நல்ல வெயில். கடைகள் திறந்திருந்தன, யாரோ யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

திரையில் ‘மாத்தணும்’ இருந்தது. கேமுக்குள் எப்போதும் ராத்திரிதான். நீல இருட்டில் அப்பாவின் ஜன்னல், அப்பாவின் கட்டில். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியின் கையில் ஒரு புதிய சிவப்புப் புள்ளி விழுந்தது. அவள் அறை முழுவதையும் தேர்ந்தெடுத்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. அழி என்றாள். கட்டில் போயிற்று. ஜன்னல் போயிற்று. நடையின் கடைசியில் கதவு மட்டும் நின்றது, அதற்குப் பின்னால் வெறும் கறுப்பு.

“மேஸ்திரி! என்ன பண்றீங்க? வெள்ளிக்கிழமை படக் கம்பெனி ஆளுங்க வராங்க!” மூளை எழுந்து வந்துவிட்டார்.

“ஓடுற மெஷினையும் நிறுத்துங்க.”

“எதுக்கு?”

“கேள்வி கேக்காம நிறுத்துங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவள் முகத்தைப் பார்த்து அவர் போய் நிறுத்தினார். போகும்போது முணுமுணுத்தார். பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தார். “நிறுத்தறதுக்கு முன்னாடி பாத்தேன், அவளக் காணோமே. கூடத்துலயும் இல்ல, நடையிலயும் இல்ல. வீட்டோட சேத்து அவளயும் அழிச்சிட்டீங்களா?”

அவள் மூச்சு விட்டாள். இரண்டு நாளில் முதல் முழு மூச்சு. பையை எடுத்தாள். அப்போது கைபேசி அடித்தது. டைரக்டர்.

வயதான, இருமல் கலந்த, நல்ல குரல். “நேத்து ஊர்ல இல்லம்மா. அந்த ரூமப் பத்திக் கேட்டிருந்த. உள்ள எதுவும் வைக்காத. கதவத் திறக்கவே விடாத.”

“சரி சார்.”

“ஏற்கெனவே கட்டிட்டியா?”

“கட்டினேன் சார்.”

“எதப் பாத்துக் கட்டின?”

அவள் சொன்னாள். எங்க வீட்டப் பாத்து, சார்.

“எங்க ஆர்ட் டைரக்டரும் அப்படித்தாம்மா பண்ணாரு. அவசரத்துக்கு. அவங்க அண்ணன் படுத்திருந்த ரூம். ஒரு வாரத்துல அண்ணன் ஏதேதோ சொல்ல ஆரம்பிச்சாரு. பயந்துபோய் ராத்திரியோட ராத்திரியா அந்த செட்டப் பிரிச்சுப் போட்டோம். பிரிச்சதுதான் தப்பு.” அவர் நிறுத்தினார். “அது வரைக்கும் அவளுக்கு ரெண்டு ரூம் இருந்துச்சு. இங்க பாதி, அங்க பாதின்னு நின்னா. இங்க இல்லன்னு ஆனதும்... முழுசா அங்க போயிட்டா.”

அவள் கண் திரைக்குப் போனது.

“நீ பிரிச்சிடலையேம்மா?”

திரையில், கதவுக்குப் பின்னால், ஒன்றுமில்லாத கறுப்பில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

இன்னொன்று. இன்னொன்று. நாற்காலியின் முதுகு. நாற்காலியின் கை. பிறகு கட்டிலின் விளிம்பு, நீளமாக, அவசரமில்லாமல். ஓடுகிற கணினியை நிறுத்தியாகிவிட்டது. அவள் இரண்டு கையாலும் எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள். அழித்ததைத் திருப்பிக் கொண்டுவா என்றாள். அறை திரும்பி வந்தது, கட்டில், ஜன்னல், எல்லாம், வெறுமையாக. புள்ளிகள் அதற்குள் விழவில்லை. அதற்கு அப்பால் விழுந்தன.

வீட்டுக்கு அடித்தாள். நாலு முறை மணி அடித்தது. ஐந்தாவது முறை எடுத்தார்.

“சொல்லும்மா.”

“அப்பா, ரூம்ல யாரு இருக்கா?”

“நீதான்.” குரலில் சந்தோஷம் இருந்தது. “பக்கத்துலயே நின்னுக்கிட்டு போன்ல ஏம்மா பேசற?”

“அப்பா, அது நான் இல்ல. நான் ஆபீஸ்ல இருக்கேன். கண்ண மூடிக்குங்க. கண்ண மூடிக்குங்கப்பா.”

“உன் கை ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு?”

திரையில் ஒரு பாதம். குதிகால், ஐந்து விரல். புள்ளிகள் கணுக்காலில் ஏறின.

“அய்யோ... அம்மாடி...” என்றார் அப்பா. அவர் அழுதார். பயத்தில் இல்லை. “தெரியுதும்மா. வலது கால். நீ தொடறது தெரியுது! உணர்ச்சி வந்திருச்சும்மா!”

“அப்பா!”

“முட்டி தெரியுது... ஒன்றர வருஷமாச்சு...” அவர் சிரித்தார், விசும்பினார். “நீ தினம் புடிச்சு விட்டதுக்குப் பலன் கெடச்சிருச்சு. தொட, இடுப்பு... எல்லாம் தெரியுது.”

இந்த நாளுக்காக அவள் வேண்டாத தெய்வமில்லை. ஒன்றரை வருடம், காலையும் மாலையும், எண்ணெய் போட்டு அந்தக் காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி. இப்போது அது நடக்கிறது. யாரோ செய்கிறார்கள். அவளால் பார்க்க மட்டும்தான் முடிகிறது. திரையில் ஒரு மனிதர் மல்லாந்து படுத்திருந்தார், சிவப்பில், விலா எலும்பு வரைக்கும்.

“எங்கண்ணுல்ல. திரும்பு. உன் மூஞ்சியப் பாக்கணும்.”

“கூப்பிடாதீங்க! அப்பா, திரும்பச் சொல்லாதீங்க, உங்க கால்ல விழறேன்...”

“திரும்பும்மா.”

புள்ளிகள் நின்றன.

கைபேசியில் துணி உரசும் சத்தம். மெதுவாக யாரோ நின்ற இடத்திலேயே திரும்புகிற மாதிரி. அப்பா மூச்சை உள்ளே இழுத்தார். அந்த மூச்சு வெளியே வந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் ஓடினாள். மூளை என்னவோ கத்தினார். படி, வாசல், தெரு. கைபேசி காதிலேயே. வெயிலில் கண் கூசியது. “அப்பா. அப்பா.” கட்டில் முனகியது, எடை இறங்கும்போது முனகுவது போல. தரையில் ஒரு கால் ஊன்றியது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு சத்தம், வறண்டது, நீளமானது, சுவரில் உள்ளங்கை உரசுகிற சத்தம். முதல் தெருவின் திருப்பத்தில் யார் மீதோ மோதினாள், மன்னிப்புக் கேட்கவில்லை. உரசல் தொடர்ந்தது. வாசல் பூட்டின் நாக்கு விலகியது. கதவு திறந்தது. பிறகு கைபேசியில் ஒன்றும் இல்லை.

கட்டிடத்துக்குள் நுழைந்ததும் வெயில் அறுந்தது. மாடிப்படியில் எப்போதும் இருக்கும் ஈரச்சுவர் வாடை. மேலே சின்ன ஜன்னலிலிருந்து ஒரு சதுர வெளிச்சம் விழுந்திருந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்து ஐந்தாறு படி ஏறினாள்.

மேலே ஒரு பாதம் தெரிந்தது.

வெறும் பாதம். குதிகால் முதலில் வந்தது. கீழ்ப் படியைத் தேடியது, கண்டுபிடித்தது, ஊன்றியது. வெள்ளை வேட்டி. காலையில் அவள் மாட்டிவிட்ட பொத்தான் வைத்த சட்டை, முதுகுப் பக்கம் படுக்கையின் சுருக்கத்தோடு. நரைத்த பின்னந்தலை, தலையணையில் அழுந்தித் தட்டையானது. மூன்று ஆள் பிடித்துத்தான் இறக்க முடியும் என்றிருந்தவர் தனியாக இறங்கினார். ஒவ்வொரு படியாக. பின்னோக்கி.

வலது கை பின்னால் நீண்டிருந்தது. உள்ளங்கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. மருத்துவர் இனி அசையாது என்று சொன்ன கை.

அப்பா என்று கூப்பிட வாய் திறந்தது. மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்புவார்.

பின்னால் போக வேண்டும். கால் வரவில்லை. எத்தனை விளையாட்டில் எத்தனை பேரை ஓடவைத்திருக்கிறாள், ஒரு பொத்தானில். தன் காலுக்குப் பொத்தான் இல்லை.

ஒரு படி. இன்னொரு படி. முதுகு அவளுக்கு நேர் மேலே வந்து நின்றது. அப்பாவின் வாடை, எண்ணெயும் மருந்தும், அதற்கடியில் குளிர்ச்சியாக வேறொன்று. சுவரை விட்டுவிட்டு அந்தக் கை காற்றில் துழாவியது. விரல்கள் விரிந்தன. அவள் நெற்றியைத் தொட்டன.

சில்லென்று இருந்தது. புருவம். மூக்கு. கன்னத்தில் வழிந்த ஈரம். உதடு. ஓரிடத்தையும் விடாமல், அவசரப்படாமல், கற்றுக்கொள்கிற விரல்கள். சின்ன வயதில் அவளைத் தூங்கவைத்த அதே கை, அதே காய்ப்பு, கட்டைவிரலில் அதே வெட்டுத் தழும்பு. அது அவள் இமைகளை மெதுவாகக் கீழே இழுத்து மூடியது, பிறகு மறுபடி திறந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது போல.

மேலே, இரண்டாவது மாடித் திருப்பத்தில், இன்னொரு உள்ளங்கை, அப்பாவைத் தொட்டு எழுப்பியவளுடையது, சுவரை உரசியபடி இறங்கி வந்துகொண்டிருந்தது.